ஒரே ஒரு ஃப்ளை ராட் வாங்குவதென்றால் எதை வாங்குவது?

நீங்கள் கேட்டிருப்பதை ஒருமுறை சுருக்கிச் சொல்லிப் பார்க்கிறேன். பிராம்ப்டனில் இருக்கிறீர்கள். ஐந்து வருடமாக ஸ்பின்னிங் ராடில் பாஸ் பிடித்த பழக்கம் இருக்கிறது. இப்போது, செயற்கைப் பூச்சியை வீசி மீன் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங் கற்றுக்கொள்ள ஆசை. ராட், ரீல், லைன் எல்லாம் சேர்த்து 300 கனடிய டாலருக்குள் முடிய வேண்டும். அந்த ஒரே ராடில் கிராண்ட் ஆற்றின் ஸ்மால்மவுத் பாஸ், கிரெடிட் ஆற்றின் ட்ரவுட், செப்டம்பரில் ஏறி வரும் சால்மன் மூன்றையும் பிடிக்க வேண்டும். ஒருவர் 5 வெயிட் வாங்கு என்கிறார், ஒருவர் 6 என்கிறார், இன்னொருவர் 8 என்கிறார். கடைசியில், ஒன்பது வயது மகளும் அதே ராடில் பழகலாமா என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் எந்த பிராண்ட் வாங்குவது என்ற கேள்விதான். ஆனால் நீங்கள் அறிய விரும்புவது, ஒரு ராடால் எத்தனை வேலை செய்ய முடியும், இந்த 300 டாலரில் எதற்குக் கொடுத்தால் வீண்போகாது என்பதைத்தான் என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் குவெல்ஃபில் 19 வருடமாக இருக்கிறேன். கிராண்ட் ஆறு எனக்கு அரை மணி நேர தூரம். எட்டு வருடமாகக் கோடையில் சனிக்கிழமை காலைகளில் ஒரு பூங்காப் புல்வெளியில், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு லைன் வீசக் கற்றுக்கொடுத்து வருகிறேன். வருபவர்களில் பாதிப்பேர் மலிவான ராடோடுதான் வருவார்கள். அதனால் 1,000 டாலர் ராடை விட 100, 150 டாலர் ராடுகளைத்தான் நான் அதிகம் கையில் பிடித்திருக்கிறேன். கடலில் ஃப்ளை வீசிய அனுபவம் எனக்கு இல்லை. இரண்டு கைகளாலும் வீசும் நீண்ட ஸ்பே ராடுகளிலும் பழக்கம் குறைவு. ஆகவே இங்கே சொல்வதெல்லாம் தெற்கு ஒன்டாரியோவின் ஆறுகளையும் சிறிய ஏரிகளையும் மனதில் வைத்துச் சொல்வது.

முதலில் பதில்: 9 அடி, 6 வெயிட், நாலு துண்டு, மீடியம்-ஃபாஸ்ட். சால்மனை இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் 5 வெயிட் என்றுதான் சொல்வார்கள். ட்ரவுட் மட்டுமே பிடிக்கப்போகிறவருக்கு நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் பத்து முறை ஆற்றுக்குப் போனால் எட்டு முறை பாஸுக்குத்தான் போவேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே ராட் என்று வாங்கும்போது, அதிகம் போகும் தண்ணீருக்குப் பொருந்துவதாக வாங்கி, மற்ற இடங்களில் கொஞ்சம் அனுசரித்துக்கொள்வதுதான் சரி.

இந்த எண்கள் எதைச் சொல்கின்றன என்பது புரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஸ்பின்னிங்கில் தூண்டிலின் எடைதான் லைனை இழுத்துக்கொண்டு பறக்கிறது. இங்கே அது தலைகீழ். இறகும் நூலும் சுற்றிக் கட்டிய, ஃப்ளை என்கிற அந்தப் பூச்சிக்கு எடையே கிடையாது என்று சொல்லலாம். தடித்த லைனின் எடைதான் ராடை வளைக்கிறது, அந்த வளைவு நிமிரும்போது லைன் பறக்கிறது, பூச்சி அதன் பின்னால் தொற்றிக்கொண்டு போகிறது. அதனால்தான் ராடின் மேல் அது தாங்கும் லைனின் எண் எழுதப்பட்டிருக்கிறது. லைனின் முதல் 30 அடி எவ்வளவு எடை என்பதை வைத்து அந்த எண்ணை வகுத்திருக்கிறார்கள். 5 வெயிட் என்றால் 140 கிரெய்ன், சுமார் 9 கிராம். 6 வெயிட் 160 கிரெய்ன், சுமார் 10.4 கிராம். 8 வெயிட் 210 கிரெய்ன், சுமார் 13.6 கிராம். இது அமெரிக்க மீன்பிடிக் கருவித் தொழிலினர் ஒத்துக்கொண்ட அளவு, எல்லா நிறுவனங்களுக்கும் பொது.

பாருங்கள், 5க்கும் 6க்கும் நடுவே ஒரு கிராமும் கொஞ்சமும்தான் வித்தியாசம். இதற்காகவா இத்தனை சண்டை என்று தோன்றும். ஆனால் அந்த வித்தியாசம் காற்றில் தெரியும், பெரிய ஃப்ளை கட்டினால் தெரியும். ஸ்மால்மவுத் பாஸுக்கு நாம் கட்டுவது 4, 6 சைஸ் கொக்கியில் செய்த வூலி பகர், தண்ணீர் மேல் குதிக்கும் பாப்பர், கண்ணில் உலோகக் குண்டு வைத்த கிளௌசர் மின்னோ போன்றவை. கிளௌசரைக் கண்டுபிடித்த பாப் கிளௌசரே பென்சில்வேனியாவின் சஸ்கெஹானா ஆற்றில் ஸ்மால்மவுத் பிடிப்பதற்காகத்தான் அதைக் கட்டினார். இவை எல்லாம் காற்றைப் பிடிக்கும், அல்லது கனக்கும். 5 வெயிட்டிலும் வீசலாம், நானே பல வருடம் வீசியிருக்கிறேன். ஆனால் கற்றுக்கொள்ளும் முதல் வருடத்தில், ஈரத் துணியைக் குச்சியில் கட்டி எறிவது போல இருக்கும். 6 வெயிட்டில் அந்தப் பாரம் குறையும். மறுபக்கம், நீர்மேல் மிதக்கும் 16 சைஸ் சின்ன உலர் ஃப்ளையை அமைதியான தண்ணீரில் பூப்போல இறக்க வேண்டுமானால் 6 கொஞ்சம் முரடு. ஆனால் லைன் நுனிக்கும் ஃப்ளைக்கும் நடுவே கட்டும் மெல்லிய நூலான லீடரை நீளமாகக் கட்டினால் பெரும்பகுதி சரியாகிவிடும். ஃபெர்கஸ், எலோரா பக்கம் கிராண்ட் ஆற்றில் பிரவுன் ட்ரவுட் பிடிக்கும் பலர் 6 வெயிட்டோடு வருவதைப் பார்க்கிறேன். 1942இல் கட்டிய ஷாண்ட் அணையின் அடியிலிருந்து வரும் குளிர்ந்த நீரை நம்பி, 1989 முதல் அங்கே பிரவுன் ட்ரவுட் குஞ்சுகளை விட்டு வருகிறார்கள். அகலமான, காற்றடிக்கும் ஆறு. அங்கே 6 எந்த வகையிலும் குறைவில்லை.

இந்த 5ஆ 6ஆ என்பது என் தீர்ப்பு மட்டுமே, சட்டம் இல்லை. நீங்கள் 5 வாங்கினாலும் கெட்டுப்போகாது. ஆனால் சால்மன் விஷயத்தில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஒன்டாரியோ ஏரியிலிருந்து கிரெடிட் ஆற்றில் ஏறி வரும் சினூக் சால்மன் சாதாரணமாக 7 கிலோ, 10 கிலோ இருக்கும். அதற்கு 8 வெயிட்டே குறைந்தபட்சம், பலர் 9, 10 கொண்டுபோகிறார்கள். 6 வெயிட் உடைந்துவிடும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. பலம் போதாத ராடில் மீனை அரைமணி நேரம் இழுத்தடித்தால், திரும்ப விட்டாலும் அது பிழைப்பது கடினம். முட்டையிட வந்த மீன் அது. அதை அந்தப் பாடு படுத்தக்கூடாது. சரி, அப்படியானால் 8 வெயிட்டையே வாங்கி எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்ளலாமே என்று அந்த மூன்றாமவர் சொன்னதும் தவறு. வருடத்தில் மூன்று வாரத்துக்காக மற்ற ஐந்து மாதமும் கை வலிக்க வீச வேண்டியிருக்கும். 30 சென்டிமீட்டர் ட்ரவுட் ஒன்று மாட்டினால் மாட்டியதே தெரியாது. சால்மன் ஆசை இரண்டு வருடம் கழித்தும் அப்படியே இருந்தால், அப்போது தனியாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

நீளத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். ஓடும் தண்ணீரில் லைனைத் தூக்கி, ஓட்டத்தின் மேல்பக்கம் போடுவதற்கு 9 அடி வசதி. இதற்கு மெண்டிங் என்று பெயர், இதை ராடின் நீளம்தான் செய்து தருகிறது. ஃபோர்க்ஸ் ஆஃப் தி கிரெடிட் பக்கம் மரக்கிளைகள் கவிந்த சின்ன ஓடையில் 9 அடி இடிக்கும், ஏழரை அடி ராட் இருந்தால் தேவலை என்று தோன்றும். அங்கே தூரமாக வீச இடமே இருக்காது. லைனைக் குறைவாக வெளியே விட்டு, ராடைத் தாழ்வாகப் பிடித்துச் சமாளிக்கலாம். துண்டுகளைப் பொறுத்தவரை நாலு துண்டு ராடையே வாங்குங்கள். குழாய்ப் பெட்டி 80 சென்டிமீட்டருக்குள் அடங்கும், காரின் பின்னால் கிடக்கும், விமானத்துக்கும் கொண்டுபோகலாம். பழைய காலத்தில் துண்டு கூடினால் வளைவு கெடும் என்று சொல்வார்கள். இன்றைய ராடுகளில் அந்த வித்தியாசத்தை என் கையால் உணர முடிந்ததில்லை.

ஆக்‌ஷன் என்று அட்டையில் போட்டிருப்பார்களே, ஃபாஸ்ட், மீடியம்-ஃபாஸ்ட், மீடியம் என்று, இங்கேதான் நிச்சயமில்லாத பகுதி தொடங்குகிறது. ராடின் நுனி மட்டும் வளைந்தால் ஃபாஸ்ட், நடுப்பகுதி வரை வளைந்தால் மீடியம் என்பது பொதுவான பொருள். ஆனால் லைன் எடைக்கு இருப்பது போல எல்லோரும் ஒத்துக்கொண்ட அளவு இதற்கு இல்லை. ஒரு நிறுவனத்தின் மீடியம்-ஃபாஸ்ட் இன்னொரு நிறுவனத்தின் ஃபாஸ்ட்டாக இருக்கும். லைன் நிறுவனங்களும் இந்தக் குழப்பத்தைக் கூட்டுகின்றன. விறைப்பான ராடுகளை வளைய வைப்பதற்காக, 5 என்று எழுதிய லைனை ஐந்தரை எடையில் செய்து விற்பது இப்போது சகஜம். அதனால் லைன் வாங்கும்போது எண்ணை மட்டும் பார்க்காமல், பெட்டியின் பின்பக்கம் எத்தனை கிரெய்ன் என்று போட்டிருப்பதையும் பாருங்கள். தொடங்குபவருக்கு ஏன் ஃபாஸ்ட் வேண்டாம் என்கிறேன் என்றால், நாம் மீன் பிடிப்பது பெரும்பாலும் 30, 40 அடிக்குள். அந்தத் தூரத்தில் மிக விறைப்பான ராட் வளையவே வளையாது. வளையாவிட்டால் லைன் எப்போது பின்னால் நீண்டது என்று கைக்குச் சேதி வராது. அந்தச் சேதிதான் உங்கள் ஆசிரியர். கடையில் லைன் மாட்டாமல் ராடை ஆட்டிப் பார்த்துவிட்டு நல்ல ராட் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். லைன் மாட்டி வெளியே புல்லில் நாலு முறை வீசிப் பார்க்க விடுகிற கடை என்றால், அங்கே பத்து டாலர் கூடுதலாக இருந்தாலும் அங்கேயே வாங்குங்கள்.

மலிவான ராட் என்றால் மட்டமாக இருக்குமோ என்ற பயம் உங்கள் கேள்வியில் தெரிகிறது. ஒரு காலத்தில் அது நியாயமான பயம். முதலில் நல்ல ராட் என்றால் தென் சீனத்து டோங்கின் மூங்கிலைப் பிளந்து, ஆறு பட்டையாக ஒட்டிச் செய்வார்கள். ஒன்று செய்யப் பல நாள் ஆகும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கண்ணாடியிழை வந்தது. 1973இல் ஃபென்விக் நிறுவனம் முதல் கிராஃபைட் ராடை விற்பனைக்குக் கொண்டுவந்தது, அடுத்த வருடமே மற்றவர்களும் வந்தார்கள். எடை குறைந்தது, விலை ஏறியது. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. அந்தக் கைத்திறன் கிழக்காசியத் தொழிற்சாலைகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. இன்று 130 டாலருக்கு வரும் ராட், நான் பழகத் தொடங்கியபோது 400 டாலர் கொடுத்து வாங்கிய ராடை விட லேசாக இருக்கிறது, நேராகவும் வீசுகிறது. 1,000 டாலருக்கு மேல் போகும் ராடுகளில் எடை இன்னும் குறையும், நுனியின் அதிர்வு சீக்கிரம் அடங்கும், 60 அடிக்கு மேல் குறி தப்பாது. இதெல்லாம் உண்மைதான். ஆனால் அவற்றை உணர்வதற்கே இரண்டு, மூன்று வருடப் பழக்கம் வேண்டும்.

பெயர் சொல்லுங்கள் என்று கேட்பீர்கள். உங்கள் விலைக்கு எக்கோ, ரெடிங்டன், டெம்பிள் ஃபோர்க் ஆகிய மூன்றின் தொடக்க வரிசை ராடுகளையும் என் வகுப்பில் பலரிடம் பார்த்திருக்கிறேன், மூன்றுமே குறை சொல்ல முடியாதவை. ஆர்விஸின் கிளியர்வாட்டர் நல்ல ராட், ஆனால் அதன் விலைக்குப் பிறகு ரீலுக்கும் லைனுக்கும் உங்களிடம் பணம் மிஞ்சாது. இந்த மூன்றுக்குள் எது மேல் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது, சொல்பவர் பெரும்பாலும் தன்னிடம் இருப்பதைத்தான் சொல்வார். மாடல்களும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். அதனால் பெயரை விட உத்தரவாத விதியைப் படித்துப் பாருங்கள். உடைந்தால் யார் தவறு என்று கேட்காமல், ஒரு கட்டணம் வாங்கிக்கொண்டு துண்டை மாற்றித் தருகிற நிறுவனமா? அந்தக் கட்டணம் எவ்வளவு? கனடாவுக்குள்ளேயே அனுப்பினால் போதுமா, எல்லை தாண்டி அனுப்ப வேண்டுமா? மலிவான ராடுக்கு மாற்றுக் கட்டணமே பாதி விலை ஆகிவிடும் என்றால் அந்த உத்தரவாதத்துக்கு அர்த்தம் குறைவு.

பணத்தைப் பிரிக்கும் விதத்தில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். ராடுக்கு 220 கொடுத்துவிட்டு, மிச்சத்தில் லைனும் ரீலும் வாங்குவார்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ராடுக்கு 130, லைனுக்கு 70, ரீலுக்கு 50, மீதி 50இல் லீடர், அதன் நுனியில் கட்டும் மெல்லிய நூலான டிப்பெட், ஒரு டஜன் ஃப்ளை, ஒரு சின்ன இடுக்கி என்று போவேன். ராட், ரீல், லைன் மூன்றும் ஒன்றாகப் பெட்டியில் வரும் செட்டும் இருக்கிறது. கணக்குப் பார்த்தால் அது இன்னும் லாபம். மேலே சொன்ன நிறுவனங்களின் செட் என்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் பெட்டியில் இருக்கும் லைன் எது என்று கேளுங்கள். லைனுக்குப் பெயரே போடாமல் வெறும் மிதக்கும் லைன் என்று மட்டும் எழுதியிருந்தால் யோசிக்க வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதன்முதலில் ஒரு பெரிய கடையில் தள்ளுபடியில் கிடந்த செட்டை வாங்கினேன். முதல் கோடை முழுவதும் லைன் வளையம் வளையமாகச் சுருண்டே கிடக்கும். 25 அடிக்கு மேல் போகாது, நுனி மூழ்கும். என் கைக்கு இது வராது போல என்று நினைத்து ஆகஸ்டில் மூட்டை கட்டி வைத்துவிட்டேன். அடுத்த மே மாதம் ஆற்றில் பார்த்த ஒரு பெரியவர் என் ராடை வாங்கி, தன் ரீலை அதில் மாட்டி வீசினார். 50 அடி போய் நேராக விழுந்தது. அதே ராட்தான். அவர் எதுவும் பேசவில்லை, என் கையில் கொடுத்து நீ வீசு என்று தலையசைத்தார். நானும் வீசினேன், போனது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் லைனில் மிச்சம் பிடிக்காதே என்றுதான் சொல்கிறேன். உங்களுக்கு வேண்டியது வெயிட்-ஃபார்வர்ட் (முன்பகுதி கனமான லைன்), மிதக்கும் வகை, 6 எண். மூழ்கும் லைன் இப்போது வேண்டாம்.

ரீலைப் பற்றி நிறைய எழுத ஒன்றுமில்லை. நீங்கள் பிடிக்கப்போகும் மீன்களுக்கு அது லைன் சுற்றி வைக்கும் பெட்டி, அவ்வளவுதான். பிரேக் ஒழுங்காகப் பிடிக்க வேண்டும், நடு உருளை பெரிதாக இருந்தால் லைன் அதிகம் சுருளாது. லைனுக்குக் கீழே முதலில் சுற்றும் பேக்கிங் நூல், 20 பவுண்டு டாக்ரான், 75 கெஜம் போதும். ஸ்பின்னிங்கில் எந்தக் கையால் சுற்றிப் பழகினீர்களோ அதே கைக்கு மாற்றிக் கேளுங்கள்.

லீடருக்கு ஒரு எளிய கணக்கு சொல்கிறேன். கொக்கி சைஸை மூன்றால் வகுத்தால் வரும் எண்தான் டிப்பெட்டின் எக்ஸ் எண். 12 சைஸ் ஃப்ளை என்றால் 4எக்ஸ், 16 என்றால் 5எக்ஸ். எக்ஸ் எண் கூடக்கூட நூல் மெலியும். பாஸுக்கு 1எக்ஸ் அல்லது 2எக்ஸ், ட்ரவுட்டுக்கு 4எக்ஸும் 5எக்ஸும் வாங்கி வைத்தால் முதல் வருடம் ஓடிவிடும். 9 அடி லீடர் இரண்டு வாங்குங்கள். ஊரில் குளத்தங்கரையில் மூங்கில் கழியும் நெட்டித் தக்கையுமாக உட்கார்ந்து பழகியவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் அதிகப்படியாகத் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் விரால் தன் குஞ்சுகளோடு இருக்கும்போது நீரில் சின்ன அசைவுக்கே எப்படிப் பாயுமோ, ஸ்மால்மவுத் பாப்பரை அப்படித்தான் அடிக்கும். அந்த நினைவு உங்களுக்கு இருந்தால் பாஸில் சீக்கிரம் கை தேறும். ட்ரவுட்டுக்குத்தான் இந்த மெல்லிய நூலும் பொறுமையும்.

பழைய ராட் வாங்கலாமா என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 300 டாலர் அங்கே வெகுதூரம் போகும். பார்க்க வேண்டியது மூன்று. நாலு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீளம் பாருங்கள். நுனித் துண்டு மட்டும் இரண்டு அங்குலம் குறைந்திருந்தால் அது உடைந்து ஒட்டு போட்டது. துண்டுகள் சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். லைன் ஓடும் வளையங்களில் விரல் நகத்தை ஓட்டினால் பள்ளம் தட்டுப்படக்கூடாது, பள்ளம் இருந்தால் அது உங்கள் புது லைனை அறுக்கும். பெரும்பாலான நிறுவனங்களின் உத்தரவாதம் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான் என்பதையும் விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

ராட் மீனால் உடைவது அபூர்வம். கார் கதவிலும் வீட்டு மின்விசிறியிலும்தான் உடையும். கிளௌசர் போன்ற குண்டு வைத்த ஃப்ளை வீசும்போது ராடில் பட்டால் கண்ணுக்குத் தெரியாத காயம் விழும். அன்று ஒன்றும் ஆகாது, இரண்டு வாரம் கழித்து ஒரு சின்ன மீனுக்கு டப்பென்று போகும். அதனால் கனமான ஃப்ளை கட்டினால் லைனை அகலமாகச் சுற்றி வீசுங்கள். மீனைக் கரைக்கு இழுக்கும் கடைசி நிமிடத்தில் ராடை வானத்தை நோக்கி நேரே நிமிர்த்தாதீர்கள், முழுப் பாரமும் மெல்லிய நுனிக்குப் போய்விடும். பக்கவாட்டில் சாய்த்து இழுங்கள். துண்டுகள் வீசும்போது தளரும், அரை மணிக்கு ஒருமுறை தொட்டு இறுக்கிக்கொள்வது நல்ல பழக்கம்.

வாங்கிய முதல் இரண்டு வாரம் ஆற்றுக்குப் போகாதீர்கள் என்று சொன்னால் கேட்பது கஷ்டம், ஆனாலும் சொல்கிறேன். லீடர் நுனியில் கொக்கி இல்லாமல் ஒரு துண்டு சிவப்புக் கம்பளி நூல் கட்டி, புல்தரையில் தினமும் 15 நிமிடம் வீசுங்கள். சிமெண்ட் தரையில் வேண்டாம், லைன் தேய்ந்துவிடும். ஸ்பின்னிங் பழகியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்றுதான்: முன்னால் எறிவதிலேயே குறியாக இருப்பார்கள். இங்கே பின்னால் போகும் வீச்சுதான் பாதி வேலை. லைன் பின்னால் முழுதும் நீளும் வரை கையை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். திரும்பிப் பாருங்கள், அதில் வெட்கம் இல்லை. சாட்டை சொடுக்குவது போலச் சத்தம் கேட்டால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று பொருள், ஆற்றில் அந்தச் சத்தம் கேட்டால் ஃப்ளை அறுந்து போய்விட்டது என்று பொருள். கைக்குப் பலம் வேண்டாம். வியர்த்தால் ஏதோ தவறாகச் செய்கிறீர்கள்.

உரிமம் உங்களிடம் ஏற்கனவே இருக்கும், ஃப்ளைக்குத் தனியாக வேண்டாம். ஆனால் கிராண்ட் ஆற்றின் ட்ரவுட் பகுதிகளில் சில இடங்களில் செயற்கைத் தூண்டில் மட்டும், முள் இல்லாத ஒற்றைக் கொக்கி மட்டும், பிடித்ததைத் திரும்ப விட வேண்டும் என்ற தனி விதிகள் இருக்கின்றன. எந்தப் பாலத்திலிருந்து எந்தப் பாலம் வரை என்பதையும் சீசன் தேதிகளையும் அந்த வருடத்து மாகாண விதிப் புத்தகத்தில் பார்த்துவிட்டுப் போங்கள், நான் சொல்வதை வைத்துப் போகாதீர்கள். விதி இல்லாத இடத்திலும் கொக்கியின் முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுவது என் பழக்கம். மீனுக்கும் நல்லது, உங்கள் காதுக்கும் நல்லது.

அடுத்து உங்கள் மகள். 9 அடி 6 வெயிட் ஒன்பது வயதுக் கைக்கு நீளம், மணிக்கட்டு சீக்கிரம் வலிக்கும், வலித்தால் குழந்தைக்கு இந்த ஆசையே போய்விடும். அவளுக்கென்று இப்போதே தனி ராட் வாங்க வேண்டாம். புல்தரையில் கம்பளி நூல் கட்டி நீங்கள் பழகும்போது, அவள் இரண்டு கையாலும் பிடிக்கட்டும், ஒரு கை தக்கைப் பிடியில், மற்றது ரீலுக்குக் கீழே. லைனை 20 அடிக்கு மேல் விடாதீர்கள். என் வகுப்பில் அந்த வயதுப் பிள்ளைகள் பெரியவர்களை விடச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள், அவர்களுக்கு பலத்தைக் காட்டி எறியத் தோன்றுவதில்லை. ஒரு மாதம் கழித்தும் அவளாகவே கேட்டால், எட்டு அடிக்குள் ஒரு 4 அல்லது 5 வெயிட் பழைய ராட் தேடிக் கொடுங்கள். அதில் உங்கள் ஓடை ட்ரவுட் பிரச்சினையும் தீரும். கனடாவில் வசிக்கும் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒன்டாரியோவில் மீன்பிடி உரிமம் தேவையில்லை, விதிகள் மட்டும் அவர்களுக்கும் உண்டு. தண்ணீருக்குப் போகும் முதல் நாளே இருவருக்கும் கண்ணாடியும் தொப்பியும் இருக்கட்டும், புதிதாக வீசுபவரின் கொக்கி எந்தப் பக்கம் வரும் என்று வீசுபவருக்கே தெரியாது.